நிறத்துக்கு முன் அளவு: படிக்கட்டுக்கு மரம் போடப்போகும் வீட்டுக்காரருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் படிக்கட்டுக் கார்ப்பெற்றைக் கழற்றிவிட்டு மரம் போட எண்ணியிருக்கும் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு,



நான் படிக்கட்டு வேலை செய்கிறவன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிறாம்ரன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில் பனி உருகத் தொடங்கியதும் எங்கள் தொலைபேசி ஓயாது. கோடையில் ஒரு கல்யாணம், ஒரு சாமத்தியவீடு, ஊரிலிருந்து அம்மா அப்பா வருகை என்று ஏதாவது இருக்கும். அதற்கு முன் படிக்கட்டு மரமாகிவிட வேண்டும். பெண் அலங்காரத்தோடு இறங்கி வரும் படம் அங்கேதானே எடுக்கிறார்கள்! அழைப்பவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: "ஒரு படிக்கு எவ்வளவு?", "இப்ப என்ன நிறம் நல்லாப் போகுது?"

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று கேட்கப்படாமலே போகிறது: "வேலை முடிந்த பிறகு முதல் படியின் உயரமும் கடைசிப் படியின் உயரமும் எவ்வளவாக இருக்கும்?" அந்தக் கேள்வியை உங்கள் வாயில் வரவழைப்பதற்காகத்தான் இந்த மடல்.

தரைக்கு மரம் போடுவதும் படிக்கட்டுக்கு மரம் போடுவதும் ஒரே வேலை என்று எண்ண வேண்டாம். தரையில் ஒரு பலகை சற்றுத் தூக்கி நின்றால் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். படிக்கட்டில் உயரம் பிசகினால் ஆள் விழுவார். எவரும் ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறுவதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்ளும். மீதியை அந்தப் பழக்கத்திலேயே ஏறிவிடும். ஏறும்போது பாதத்துக்கும் படியின் விளிம்புக்கும் இடையில் விடுகிற இடைவெளி மிகச் சிறியது. நடுவில் ஒரு படி மட்டும் விரல் தடிப்பில் பாதி கூடினாலும் கட்டைவிரல் அதில் இடிக்கும். இறங்கும்போது இன்னும் மோசம்: கால் எதிர்பார்த்த இடத்தில் பலகை இல்லாவிட்டால் உடல் முழுப் பாரத்தோடு முன்னே சரியும்.

இது வெறும் தொழிற்காரன் பயமுறுத்தல் அல்ல. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலைய வாசல் படிக்கட்டில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிடச் சற்றே உயரமாக இருந்தது. டீன் பீட்டர்சன் என்ற படப்பிடிப்பாளர் 2012இல் அங்கே கமராவை வைத்து, ஆள் மாறி ஆள் அதே படியில் தடுக்குவதைப் பதிவுசெய்து வெளியிட்டார். தடுக்கியவர்களில் எவரும் கவனக்குறைவானவர் இல்லை. அவர்கள் கால்கள் கணக்குப்படிதான் நடந்தன, படிதான் கணக்குத் தவறியிருந்தது. படம் பரவியதும் போக்குவரத்து நிர்வாகம் அந்தப் படிக்கட்டை மூடித் திருத்தியது. உங்கள் வீட்டில் கமரா வைத்துப் படம் பிடிக்க எவரும் வரமாட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஒரு பொருத்தம் வேண்டும் என்பது பழைய அறிவு. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் ஒரு சூத்திரம் சொன்னார்: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓர் எட்டு வர வேண்டும். இன்றும் அந்தக் கூட்டுத்தொகை 60 முதல் 65 சென்ரிமீற்றர் வரை இருந்தால் ஏற இலகு என்று கட்டடக்காரர்கள் சொல்வார்கள். கனடாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 125 முதல் 200 மில்லிமீற்றர் வரை உயரம் அனுமதிக்கிறது. அதைவிட எங்கள் வேலைக்கு முக்கியமானது இன்னொரு விதி: அடுத்தடுத்த இரண்டு படிகளின் உயர வித்தியாசம் 5 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, ஒரே வரிசைப் படிக்கட்டில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையில் 10 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டில் எல்லாப் படிகளும் இப்போது 190 மில்லிமீற்றர் உயரம். படிகளில் கார்ப்பெற்றும் அதன் அடிமெத்தையும் சேர்ந்து 15 மில்லிமீற்றர் தடிப்பு. கீழே வாசல் கூடத்தில் ரைல்ஸ், மேலே அறைகளுக்கு முன்னுள்ள நடையில் கார்ப்பெற். படிக்கட்டுக்கு மட்டும் மரம் போடப்போகிறீர்கள். பழைய படியின் மேல் 25 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிப்புள்ள ஓக் பலகை. கார்ப்பெற் கழன்று 15 குறைகிறது, பலகை ஏறி 25 கூடுகிறது. ஒவ்வொரு படியும் 10 மில்லிமீற்றர் உயர்கிறது. எல்லாப் படியும் ஒரே அளவு உயர்வதால் நடுவிலுள்ள படிகளுக்கு இடையே எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கீழே ரைல்ஸ் உயரவில்லை, ஆகவே முதல் படி 200 ஆகிவிடும். மேலே நடையும் உயரவில்லை, ஆகவே அதற்கு ஏறும் கடைசிப் படி 180க்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் 20 மில்லிமீற்றர் வித்தியாசம். விதி பொறுக்கிற அளவின் இரட்டிப்பு. பலகையில் கீறல் இல்லை, நிறத்தில் குறை இல்லை, பார்க்க அரண்மனைப் படிக்கட்டு. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வருபவருக்கு முதல் எட்டிலும் கடைசி எட்டிலும் கண்ணி.

சரி, மேல் நடைக்கும் 19 மில்லிமீற்றர் ஹார்ட்வூட் போட்டுவிட்டால்? அங்கே 15 கழன்று 19 ஏறுகிறது. கடைசிப் படி 184க்கு வரும். முன்பைவிட நல்லது, ஆனாலும் அதற்குக் கீழேயுள்ள 190உடன் ஒப்பிட்டால் 6 மில்லிமீற்றர் வித்தியாசம். விதிக்கு ஒன்று அதிகம். கீழே முதல் படி அதே 200இல்தான் நிற்கும். பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு அதே தடிப்பில் புதியவற்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. கார்ப்பெற் போனதாலேயே ஒவ்வொரு படியும் 15 தாழ்ந்து, முதல் படி 175, கார்ப்பெற்றோடு நிற்கும் மேல் நடைக்கு ஏறும் கடைசிப் படி 205 என்று வேறு பக்கமாகப் பிசகும். இந்த உதாரணத்துக்குச் சரியான விடை, கழற்றும் கார்ப்பெற்றின் தடிப்புக்கு நெருங்கிய மெல்லிய மேற்பலகை, அதாவது 15 மில்லிமீற்றர் அளவில் ஒன்று. பழைய படிக்கட்டுக்கு என்றே மெல்லிய மிதிபலகைகள் கிடைக்கின்றன. உங்கள் வீட்டு விடை வேறாக இருக்கலாம். அது மரக்கடையில் கிடைக்காது, அளவுநாடாவில்தான் கிடைக்கும்.

அளப்பது கடினமில்லை. ஒரு நீண்ட மட்டப் பலகையைப் படியின் விளிம்பிலிருந்து கிடையாக நீட்டிப் பிடித்து, கீழ்ப் படியின் மேற்பரப்பு வரை அளவெடுங்கள். கார்ப்பெற்றைக் கால் அழுத்துவதுபோல் நன்றாக அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். கீழேயிருந்து மேலே வரை ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். நடுவில் திருப்பத் தளம் இருந்தால் அதுவும் ஒரு படிதான். மற்றப் படிகள் உயரும் அளவுக்கு அதுவும் உயர வேண்டும். பிறகு, கீழ்த் தளத்துக்கும் மேல் நடைக்கும் இப்போது என்ன போடப்போகிறீர்கள் என்பதோடு, அடுத்த சில ஆண்டுகளில் என்ன போடுவீர்கள் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். "படிக்கட்டை இப்ப செய்வம், கீழுக்கு வாற வருசம் பாப்பம்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. பணத்துக்கு அது சரி. ஆனால் வருகிற வருடம் கீழ்த்தரை உயரும்போது முதல் படி தாழும். வேலையைத் தவணையாகச் செய்யலாம். கணக்கை ஒரே முறையில் முடிக்க வேண்டும்.

அடுத்தது, கார்ப்பெற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. புறநகர்களில் கட்டுநிறுவனங்கள் வரிசையாகக் கட்டி விற்ற வீடுகளில், கார்ப்பெற் மூடும் என்று தெரிந்தே பைன் மரம், எம்டிஎஃப், ஒட்டுப்பலகை போன்றவற்றால் படிக்கட்டு செய்திருப்பார்கள். கால் வைக்கும் பலகையை ட்ரெட் என்றும், அதன் முன்முகத்தில் நிமிர்ந்து நிற்பதை றைசர் என்றும், ட்ரெட்டின் முன்னே நீட்டி நிற்கும் விளிம்பை நோசிங் என்றும், இருபுறமும் சரிந்து ஏறிப் படிகளைத் தாங்கும் தடித்த பலகையை ஸ்ரிங்கர் என்றும் சொல்வோம். பல வீடுகளில் ட்ரெட்டும் றைசரும் ஸ்ரிங்கரில் வெட்டிய காடிக்குள் செருகப்பட்டு, அடியிலிருந்து ஆப்பும் பசையும் வைத்து இறுக்கப்பட்டிருக்கும். அவற்றை மேலேயிருந்து பிடுங்க முடியாது. அடியில் ட்றைவோல் அடித்து மூடியிருந்தால் கீழேயிருந்தும் எட்டாது. அதனால்தான் பழைய நோசிங்கை றைசரோடு சமமாக அறுத்துவிட்டு, மேலே புதிய ட்ரெட்டும் முன்னே புதிய றைசரும் பதிக்கும் முறை இங்கே பரவலாக இருக்கிறது. இது மலிவுக்காகச் செய்யும் அரைகுறை வேலை அல்ல. ஒழுங்காகச் செய்தால் உறுதியாக நிற்கும். ஸ்ரிங்கரையே வெட்டி மாற்ற வேண்டும் என்று எவராவது சொன்னால், அது தாங்குமரத்தில் கைவைக்கும் வேலை. நகராட்சியின் கட்டடப் பிரிவில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

ஒழுங்கு என்றால் எது? கார்ப்பெற்றை இழுத்ததும் மெத்தையைப் பிடித்திருந்த ஸ்ரேபிள்களும், மூலைகளில் ஆணி பதித்த மெல்லிய சட்டங்களும் நிற்கும். ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். ஒரு ஸ்ரேபிள் நின்றாலும் புதிய பலகை சரியாகப் படியாது. பிறகு ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று சத்தம் கேட்க வேண்டும். கிரீச்சிடும் படி என்றால் பலகை எங்கோ தளர்ந்து ஆணியோடு உரசுகிறது என்று பொருள். அதைத் திருகாணி போட்டு ஸ்ரிங்கரோடும் றைசரோடும் இறுக்கிய பிறகே மூட வேண்டும். சத்தத்தின் மேல் ஓக் போட்டால், ஓக் விலையில் அதே சத்தம்தான் கேட்கும். அடியில் அலமாரியோ மூடாத பேஸ்மன்ற்றோ இருந்தால் கீழேயிருந்து பசையும் மரக்கட்டையும் வைத்து இறுக்குவது இன்னும் நல்லது.

படிகள் எல்லாம் ஒரே நீளம் என்று பார்வைக்குத் தோன்றும்; அளந்தால் ஒன்றுக்கொன்று சில மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கும், மூலைகளும் செங்கோணமாக இருக்காது. இரு முனையும் திரும்பக்கூடிய அளவுச்சட்டம் ஒன்றைப் படிக்குப் படி வைத்து, அந்தந்தப் படிக்கு அந்தந்தப் பலகை வெட்டுபவரே வேலை தெரிந்தவர். எல்லாப் பலகையையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு ஓரத்து இடைவெளியைக் கோக்கிங் பசையால் நிரப்புகிறவருக்கு அடுத்த குளிர்காலமே சாட்சி சொல்லும்: பசை வெடிக்கும், கறுப்புக் கோடு தெரியும்.

உங்கள் வீடு பழையது என்றால் இன்னொரு எச்சரிக்கை. 1960க்கு முன் கட்டிய வீட்டுப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 1990க்கு முன் கட்டியவற்றில் பழைய வினைல் ரைல்ஸ், அதன் பசை போன்றவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். பேஸ்மன்ற்றுக்கு இறங்கும் படிக்கட்டில் கார்ப்பெற்றுக்கு அடியில் அப்படியொரு பழைய ரைல்ஸைக் கண்டால் சுரண்ட வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பி முடிவு தெரிந்த பிறகு தொடருங்கள்.

இப்போது மரத்துக்கு வருவோம். நம்மவர்களுக்குத் தேக்கு என்றால் ஒரு மரியாதை. "தேக்கில செய்யேலாதோ?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் தேக்கின் பெருமை மழைக்கும் கறையானுக்கும் தாக்குப்பிடிப்பதில். வீட்டுக்குள் நிற்கும் கனடியப் படிக்கட்டுக்கு அந்தக் குணம் பெரிதாகத் தேவைப்படாது. தேவை, அழுத்தத்தைத் தாங்கும் கடினம். அதை ஜங்கா என்ற அளவால் குறிப்பார்கள்: சிறிய உருக்குக் குண்டு ஒன்றை மரத்துக்குள் பாதி புதைக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்பது கணக்கு. தேக்கும் கறுப்பு வோல்நட்டும் சுமார் 1,000. ரெட் ஓக் 1,290. வைற் ஓக் அதைவிடச் சற்றுக் கூட. ஹார்ட் மேப்பிள் 1,450. ஹிக்கறி 1,820. ரெட் ஓக் வட அமெரிக்காவிலேயே வளர்கிறது, ஆழமான ரேகை உள்ளது, நிறத்தை ஒழுங்காக உறிஞ்சும், சிறு கீறல் அதன் ரேகைக்குள் மறையும். மேப்பிள் கடினமானது, ஆனால் அடர்நிறம் ஏற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இயல்பு நிறத்தில் விட்டால்தான் அழகு. என் தீர்ப்பு: சாதாரணக் குடும்ப வீட்டுக்கு ரெட் ஓக் அல்லது வைற் ஓக் போதும்.

எந்த மரமானாலும் அதற்கு இந்த ஊர்க் காற்று பழக வேண்டும். குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓட ஓட வீட்டுக்குள் ஈரப்பதன் இறங்கும், மரம் சுருங்கும். கோடையில் ஏறும், மரம் விரியும். ஓக் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். பலகைகள் வந்திறங்கிய அன்றே பதிக்க அவசரப்படாமல், பெட்டியைத் திறந்து சில நாள் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஈரமானி வைத்துப் பார்த்தால் உள்வீட்டு மரம் 6 முதல் 9 சதவீதம் வரை காட்ட வேண்டும். கராஜில் அடுக்கி வைத்துவிட்டு "பழகிற்று" என்று சொல்வதில் பொருளில்லை. பழக வேண்டியது வீட்டுக் காற்றுக்கு.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். தரையில் ஏற்கெனவே தொழிற்சாலையில் நிறமேற்றிய பலகை இருந்தால், அதோடு படிக்கட்டைப் பொருத்துவது இலகுவல்ல. தொழிற்சாலைப் பூச்சின் அடுக்கும் பளபளப்பும் வேறு, வீட்டில் தூரிகையால் பூசுவது வேறு. ஆகவே தரையின் மிச்சப் பலகை ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அதே இன மரத்துண்டில் நிறத்தைப் பூசி, வார்னிஷும் அடித்து, உங்கள் படிக்கட்டில் வைத்துப் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். கடையிலுள்ள அட்டையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கறுப்பை நெருங்கும் அடர்நிறத்தில் தூசியும் தலைமுடியும் பளிச்சென்று தெரியும். அதைவிட, ஒரு படியின் விளிம்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வயதானவர் கண்ணுக்கு மறைந்துவிடும். வெள்ளை றைசரும் மரநிற ட்ரெட்டும் இப்போது எல்லோரும் கேட்பது. சப்பாத்து நுனி பட்டு அழுக்காகும் என்பது அதன் குறை. ஒவ்வொரு படியையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டும் என்பது அதன் பெரிய நன்மை. அழுக்கைத் துடைக்கலாம்.

வழுக்கலைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள். குளிரில் காலுறையோடு நடக்கிறவர்கள். விசேட நாளில் சேலையும் வேட்டியும் தடுக்கத் தடுக்க இறங்குகிறவர்கள். வார்னிஷ் போட்ட மரத்தில் காலுறை வழுக்கும். கார்ப்பெற் தந்த பிடியும், விழுந்தால் அடியைக் குறைத்த மெத்தையும் மரத்தில் இல்லை. மங்கல் பூச்சு என்றால் வழுக்காது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். மங்கல் என்பது ஒளிக்கு, காலுக்கு அல்ல. நடுவில் நீளமாக ஓடும் கம்பள விரிப்பு ஒன்றைப் படிக்குப் படி இறுக்கி அடிக்கலாம், அல்லது ஒவ்வொரு ட்ரெட்டிலும் நன்றாக ஒட்டிய சிறு விரிப்பு வைக்கலாம். ஒட்டாமல் சும்மா போட்ட விரிப்பு வெறும் மரத்தைவிட ஆபத்து. நடக்கவே தடுமாறும் பெற்றோர் மாடியில் உறங்கும் வீடென்றால், பழைய கார்ப்பெற்றை எடுத்துவிட்டு நல்ல புதிய கார்ப்பெற்றே போடுங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. எனக்கு ஒரு வேலை குறையும், அவ்வளவுதான்.

கைபிடியை மறக்க வேண்டாம். கைபிடி படிவிளிம்பிலிருந்து 865 முதல் 1,070 மில்லிமீற்றர் வரை உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் தடுப்பு 900க்குக் குறையக் கூடாது. கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் உருண்டை நுழையக் கூடாது, அது குழந்தையின் தலையை எண்ணி வைத்த அளவு. படி உயர்ந்தால் கைபிடி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்பதால், சரியாக 900இல் நின்ற பழைய தடுப்பு புதிய மரத்துக்குப் பிறகு விதிக்குக் கீழே போகலாம். இரும்புக் கம்பிக்கு மாறுகிறீர்கள் என்றால் அலங்காரத்தைவிட அடிக்கட்டையின் உறுதியைப் பாருங்கள். கீழ்முனைத் தூணைப் பிடித்து உலுக்கினால் அது அசையக் கூடாது.

வேலை நடக்கும் நாட்களுக்கும் ஆயத்தம் வேண்டும். மாடிக்குப் போக உங்களுக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். பசை இறுகும்வரையும் வார்னிஷ் காயும்வரையும் கால் வைக்கக் கூடாது. ஆகவே ஒன்று விட்டு ஒரு படியாகச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். திடகாத்திரமானவர்கள் தாண்டி ஏறுவார்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் அந்த நாட்களில் கீழேயோ உறவினர் வீட்டிலோ தங்க வையுங்கள். எண்ணெய் வார்னிஷ் மணக்கும், மெல்ல இறுகும், காலப்போக்கில் மஞ்சளாகும். நீர் வார்னிஷ் விரைவில் காயும், நிறம் மாறாது. மறுநாள் நடக்க முடிந்தாலும் முழுதாக இறுக நாளெடுக்கும். அதுவரை மேலே விரிப்புப் போட வேண்டாம். மரத்தூளையும் இலேசாக எடுக்காதீர்கள்: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அறுப்பு வேலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். எண்ணெய் நிறம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீர் நிறைத்த தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். போகும்போது வேலைக்காரர் அந்தத் துணியை என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

கடைசியாகப் பணமும் தாளும். "ஒரு படிக்கு இவ்வளவு" என்ற விலைக்குள் எது அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள்: கார்ப்பெற் கழற்றி அகற்றுவது, ட்ரெட்டின் மரமும் தடிப்பும், றைசர், ஒரு பக்கம் திறந்த படிகளின் ஓர வேலை, திருப்பத் தளம், மேல் நடையின் நோசிங், கைபிடி, தூண், கம்பி, நிறம், எத்தனை கை வார்னிஷ். அதே தாளில் வேலைக்கு முன்னும் பின்னும் முதல் படி, கடைசிப் படி உயரங்களும் இருக்கட்டும். பொறுப்புக் காப்புறுதிச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். "காசாகத் தந்தால் 13 சதவீத வரி மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்கினால் பிறகு முறையிடக் கையில் ஒரு தாளும் இராது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல், நீங்கள் புதிதாக ஒப்புக்கொண்டாலன்றி, கேட்க முடியாது. உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 10 நாட்களுக்குள் கைவிடவும் உரிமை உண்டு. நம்மவர் என்பதால் எழுதி வாங்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல வேலைக்காரருக்கும் அந்தத் தாள்தான் பாதுகாப்பு.

முடிந்த பிறகு பராமரிப்பு எளிது. வாளித் தண்ணீரில் மொப்பை நனைத்துக் கழுவும் பழக்கத்தைப் படிக்கட்டில் விட்டுவிடுங்கள். பிழிந்த துணி போதும். பனிக்காலத்துப் பூற்ஸை வாசலிலேயே கழற்றுங்கள், முதல் படியில் இருந்து கழற்ற வேண்டாம். தெரு உப்பு கலந்த நீர் பூச்சை வெளுக்கச் செய்யும். குளிர்காலத்தில் வீட்டு ஈரப்பதன் 35 சதவீதத்தை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொண்டால் மரமும் அமைதியாக இருக்கும், உங்கள் தோலும் வெடிக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மரக்கடைக்குப் போகும் முன் ஒரு நாள் மாலையில் குடும்பமாக இருந்து எல்லாப் படிகளையும் அளந்து எழுதுங்கள். வேலைக்கு வருபவரிடம் அந்தத் தாளை நீட்டி, "முதல் படியும் கடைசிப் படியும் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். உடனே அளவுநாடாவை எடுத்துக் கணக்குப் போடுபவரிடம் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் சின்ன விசயம், பாத்துச் செய்வம்" என்று சொல்பவருக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் படிக்கட்டு வேலை செய்யும் ஒருவன்